காலிக் கட்டம்

தீயணைக்கிற பம்ப் எத்தனை மணிக்கு வரும் என்று கன்னையா போனில் கேட்டார். வருமா வராதா என்ற சந்தேகமே அந்தக் குரலில் இல்லை. கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டு லோரி எப்போது வந்து சேரும் என்று விசாரிக்கிற தோரணை. பின்னால் மாடு கத்துவதும் யாரோ வாளியை இழுப்பதும் கேட்டன. யாரோ என்ன யாரோ, அந்த மாட்டுக் கொட்டகையில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவரேதான் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருப்பார். புனிதா கையில் பாதி கடித்த கறிபாப். கிள்ளானில் ஒரு சமூக மண்டபத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு, நான்கைந்து கணினிகளை வைத்து, அதற்குக் கட்டுப்பாட்டு அறை என்று பெயரும் வைத்திருந்தார்கள். மூன்று நாளாக அவள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போய் முழுசாகத் தூங்கவில்லை. சன்னலுக்கு வெளியே மத்தியானம் மஞ்சளாகக் கிடந்தது. எதிர்க்கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியாத அளவுக்குப் புகை.

"இன்னும் முடிவாகலண்ணே," என்றாள். "நீ மாட்டையெல்லாம் வெளியேத்திட்டியா இல்லியா?"

அதற்கு அவர் சிரித்தார். பக்கத்துக் கொட்டகை திருச்செல்வம் நேற்றே லோரி பிடித்து மாடுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். லோரியில் இடமிருக்கிறது, இன்னொரு நடை வரச் சொல்லட்டுமா என்று இவரையும் கேட்டாராம். இவர் மாட்டேன் என்றுவிட்டார். "எந்தங்கச்சிதான் கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு எங்க பம்ப் போவணும்னு சொல்றா, மொத பம்ப் நமக்குத்தான், நீ பயந்தா போன்னு சொல்லிட்டேன் லா," என்றார்.

மிச்சக் கறிபாப்பை மேசையில் வைத்தாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

புனிதாவின் வேலை நெருப்புக்குக் கணக்குப் போடுவது. கேட்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அவள் அத்தையே, நெருப்புக்கு என்னடி கணக்கு, தண்ணி ஊத்தினா அணையப் போகுது என்பாள். கிள்ளானுக்குத் தெற்கே இருக்கிற மண் அப்படிப்பட்ட மண் இல்லையே. இலையும் வேரும் காலங்காலமாக மக்கிக் கிடக்கிற கம்புட் மண். ஈரம் இருக்கும்வரை சாது. கால்வாய் வெட்டி ஈரத்தை வடித்துவிட்டால் மண்ணே விறகாகிவிடும். அடியில் கனன்றுகொண்டே போய், அணைத்துவிட்டோம் என்று ஆட்கள் துண்டை உதறித் தோளில் போடும் நேரத்தில், கொஞ்சம் தள்ளி லாலாங் புல்லில் எழுந்து நிற்கும். புல்லில் பிடித்துக் காற்றும் கூடிவிட்டால் ஓடித் தப்புவதே பாடு. நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், மழை பெய்து எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் கணினிக்குச் சொன்னால், நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு நெருப்பு எப்போது வரும் என்று அது சொல்லும். அதுவரைக்கும் இயற்கையின் கணக்கு. ஒரு கட்டம் எரிந்தால் என்ன நஷ்டம் என்பதை மட்டும் மனிதர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஓர் எண், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு ஓர் எண், மின் நிலையத்துக்குப் பெரிய எண். மொத்த நஷ்டம் எப்படிக் குறையுமோ அதைப் பார்த்துப் பம்புகளை எங்கே நிறுத்தலாம் என்று கணினி காட்டும். பெரிய பம்ப் இரண்டுதான். ஒன்று மின் நிலையத்தை விட்டு அசைய முடியாது. மிச்சம் ஒன்று.

கன்னையாவின் கொட்டகை இருக்கும் கட்டத்தின் எண் பூஜ்யம்.

கிராண்ட், அதாவது பட்டா, இல்லாத புறம்போக்கு நிலம். தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது, லயங்களில் குடியிருந்த தோட்டத்து ஜனங்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். மாடுகளை மாடிக்கு ஏற்றவா முடியும்? கன்னையா தன் வீட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மாடுகளோடு காட்டோரத்துக்குப் போய்ப் பலகையடித்துக் குடியேறிவிட்டார். மனைவியும் இறந்த பிறகு மாடுகள்தான் எல்லாம். நில இலாகாவின் வரைபடத்தில் அந்த இடம் காலி நிலம் என்றே இருந்தது. அந்த வரைபடத்தைத்தான் கணக்குக்குள் ஏற்றினார்கள்.

போன வருஷம் அதை ஏற்றிய கூட்டத்தில், திட்டத்தின் தலைவர் டாக்டர் அஸ்மான் எல்லாரையும் பார்த்து, இதில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று கேட்டார். நேராக அவளைப் பார்த்தும் கேட்டார். அந்தப் பக்கத்துப் பிள்ளை அவள் என்று அவருக்குத் தெரியும். அண்ணனுடைய கொட்டகை அங்கே இருக்கிறது என்ற வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை மென்று விழுங்கினாள். பார்த்தாயா, உள்ளே வந்ததும் தன் ஆளுக்கு இழுக்கிறாள் என்று மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது நினைத்துவிட்டால்? ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்காமல் இந்த நாற்காலிக்கு வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒன்றும் விடுபடவில்லை டாக்டர் என்றாள். அங்கே காட்டோரத்தில் அண்ணன், நம்ம ஆளு உள்ளே இருக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். உள்ளே இருந்தவளோ தன் ஆளை வெளியே நிறுத்திவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டாள். ஐயோ, என்ன காரியம் செய்தோம் என்று இப்போதுதான் உறைத்தது.

அறையில் ஆளாளுக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் கவனிக்கவில்லை. புனிதா அண்ணனின் கட்டத்தைத் திறந்து, பூஜ்யத்தை அழித்துவிட்டு ஓர் எண்ணைப் போட்டாள். ஒரு மனிதர், பத்துப் பதினைந்து மாடுகள், ஒரு குடிசை. பொய்யில்லை. கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பம்பைக் குறிக்கும் நீலப் புள்ளி கால்வாய்க்குக் கிழக்கே, கீழ்க்கரையிலிருந்து கிளம்பி, மேற்கே அண்ணன் பக்கம் வந்து நின்றது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

சாய்ந்தவளின் கண் கீழ்க்கரைக்குப் போயிற்று. நீலப் புள்ளி விட்டுப்போன இடம். அங்கே இருந்த செம்பனைக்காகத்தான் முதலில் பம்ப் அங்கே நின்றது. செம்பனை எரிந்தால் எரியட்டும். அதற்குப் பின்னால் இன்னொரு காலிக் கட்டம் இருந்தது. வரைபடத்துக்குத்தான் அது காலி. ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் மட்டம் பார்க்கப் போனபோது அவள் அங்கே நடந்திருக்கிறாள். காய்கறித் தோட்டத்துக் கூலியாட்கள் தங்கும் கொங்சி. தகரமும் தார்ப்பாயும், வரிசையாகக் காயும் சட்டைகள். அவளைக் கண்டதும் பத்திருபது பேர் புதருக்குள் பாய்ந்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் அவள் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுத் திரும்பி வந்து, தண்ணி குடிக்கிறீங்களாக்கா என்றான். ராமநாதபுரத்துப் பக்கமாம். பெர்மிட் முடிந்து வருஷக்கணக்காகிவிட்டது, வண்டிச் சத்தம் கேட்டால் இமிகிரேஷன் என்று உள்ளுக்குள் ஓடிவிடுவோம் என்று வெட்கத்தோடு சொன்னான். இன்றைக்கும் பொம்பா தீயணைப்பு வண்டி சைரன் போட்டால் அவர்கள் ரோட்டுக்கு ஓடிவர மாட்டார்கள். நெருப்பு இருக்கும் பக்கத்துக்குத்தான் ஓடுவார்கள். இந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் அவள். சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் கட்டத்தையும் திறந்து எண்ணைப் போட்டாள். நீலப் புள்ளி கால்வாயைத் தாண்டிப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

அண்ணனுடைய எண்ணைக் கூட்டினாள். புள்ளி அசையவில்லை. இன்னும் கூட்டினாள். ஒரு மாட்டுக்கு எவ்வளவு போடலாம், கன்னையா என்ற ஆளுக்கு எவ்வளவு போடலாம், எந்தப் பாடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? கூட்டிக்கொண்டே போனதில் ஓரிடத்தில் புள்ளி மேற்கே தாவியது. அந்த எண்ணைப் பார்த்தாள். கொங்சியில் இருக்கும் அத்தனை பேரையும்விடத் தன் அண்ணன் ஒருவர் பெரிது என்று அவள் கைப்பட எழுதியிருந்தாள். மனசுக்குள் அது உண்மைதான், அதில் என்ன ஒளிவுமறைவு. கூடப் பிறந்தவனைவிட முகம் மறந்துபோன இருபது பேர் யாருக்குப் பெரிது? விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. தண்ணி குடிக்கிறீங்களாக்கா என்று அந்தப் பையன் கேட்டது காதை விட்டுப் போகமாட்டேன் என்றது. நாசமாகப் போக என்று யாரையோ திட்டிக்கொண்டே அந்த எண்ணை அழித்தாள்.

டாக்டர் அஸ்மானைக் கூப்பிட்டு இரண்டு கட்டங்களையும் காட்டினாள். கீழ்க்கரையில் ஆட்கள் இருப்பது எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். நேரில் பார்த்திருக்கிறேன், சைரன் போடாமல், சீருடை இல்லாத ஆளை முன்னால் அனுப்பிக் கூட்டிவர வேண்டும் என்றாள். மேற்கே இருப்பது யார் என்று அடுத்து கேட்டார். என் அண்ணன் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன வருஷக் கூட்டம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேற்கே அனுப்பச் சின்ன வண்டியாவது மிச்சமிருக்கிறதா என்று வாக்கிடாக்கியில் கேட்டுப் பார்த்தார். இல்லை என்று பதில் வந்தது. பம்பைக் கீழ்க்கரைக்குப் போகச் சொல்லிவிட்டு, அண்ணனைக் கூப்பிடு என்று அவளிடம் மலாயில் மெதுவாகச் சொன்னார்.

முதல் மணியிலேயே கன்னையா எடுத்தார். குரலோடு இருமலும் வந்தது.

"அண்ணே, மாட்டையெல்லாம் அவுத்து விடு. இப்பவே. ரோட்டுப் பக்கம் வந்துரு."

"ஏன்? பம்ப் லேட்டா?"

"வராதுண்ணே. மேப்ல நீ இல்ல. அந்த எடம் காலின்னு போட்டிருக்கு. போன வருஷமே எனக்குத் தெரியும். என்னைக் கேட்டாங்க, நான் வாயத் தொறக்கல."

இரைச்சல் மட்டும் கேட்டது. மழைச் சத்தம் மாதிரி இருந்தது. மழை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப போட்டியா?" என்றார்.

"போட்டேன். போட்டும் அந்தப் பக்கந்தான் போவுது. அங்க கொங்சியில ஆளுங்க இருக்காங்கண்ணே. நெறைய பேரு."

"அப்ப சரி லா," என்றார் கன்னையா. திட்டியிருக்கலாம். அடிப்பாவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு மூச்சு வந்திருக்கும். அவரோ, "செவலை நேத்துதான் கன்னு போட்டுச்சு. கன்னு இன்னும் சரியா நடக்கல. மத்ததெல்லாம் தொறத்தி விட்டுட்டு நான் அதைத் தூக்கிட்டு வரேன்," என்றார்.

"கன்ன விட்டுட்டு வாண்ணே!"

அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. போன் அறுந்துவிட்டது. மறுபடி அடித்தால் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் மலாயில் சொன்னாள்.

புனிதா காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். பந்திங் சாலை முழுக்க வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. எத்தனை சாமிகளைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை. காட்டோரத்து மண்பாதை தார்ச்சாலையில் சேரும் முனையில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். என் அண்ணன் உள்ளே இருக்கிறார், விடுங்கள் என்று மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கெஞ்சினாள். முகமூடி போட்ட இளம் போலீஸ்காரன் ஒருவன் இரண்டு கைகளையும் விரித்து அவளை மறித்துக்கொண்டு, முடியாது அக்கா, முடியாது அக்கா என்று அவனும் மலாயில் கெஞ்சினான்.

அப்போதுதான் மாடுகள் வந்தன. முதலில் கொம்பு தெரிந்தது, பிறகு கழுத்து. ஒவ்வொன்றாகப் புகையிலிருந்து தார்ச்சாலையில் ஏறி, லோரிகளுக்கு நடுவே வழி தெரியாமல் முட்டி மோதின. யாரோ ஹாரன் அடித்தார்கள். யாரோ அவரை அதட்டி நிறுத்தினார்கள். புனிதா ஒவ்வொரு மாட்டுக்குப் பின்னாலும் ஆள் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். மாடுகள் வருவது நின்றுபோயிற்று.

கடைசியாகச் செவலை வந்தது, கன்று இல்லாமல். மடி கனத்துத் தொங்கியது, பால் தானாகச் சொட்டியது. தடுப்பைத் தாண்டி நாலடி வைத்துவிட்டு அது நின்றது. போலீஸ்காரன் தட்டினான், நகரவில்லை. லோரிக்காரர் இறங்கி வந்து தள்ளினார், நகரவில்லை. சாலையின் நடுவில் திரும்பி, வந்த பாதைக்கு முகம் கொடுத்து நின்று, புகையைப் பார்த்துக் குரல் கொடுத்தது. சற்று நின்று காதை விறைத்துக் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டது.