அண்ணனோட தெளிவான படம்

அக்கா, டைப் பண்ணக் கை வரல, அதான் பேசியே எழுத்தாக்கி அனுப்பறேன். தப்புத் தப்பா வந்தா கண்டுக்காத. முதல்ல நீ மட்டும் தனியாப் படி. அம்மாகிட்ட போனைக் கொடுத்துடாத.

அண்ணன் காணாமப் போனதும் போஸ்டர் அடிக்க பிரிண்ட் கடைக்குப் போனேன்ல, அங்கருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். அவன் போட்டோன்னாலே ஓடுறவன். என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு, பெயிண்ட் வேலைக்குப் போற வேன் முன்னாடி எல்லாரும் நின்னு எடுத்தது. அதுலயும் கடைசி வரிசை. முகம் நகம் அளவுதான்.

இந்த வெளிநாட்டுல அதிசயமா கடைக்காரர் தமிழ் பேசுற ஆளு. "தம்பி, நம்மகிட்ட ரெண்டு சாப்ட்வேர் இருக்கு. ஒண்ணு சும்மா கிடைச்சது. வெட்டும், வெளிச்சம் கூட்டும், எழுத்துப் போடும். அதுக்கு மேல கேட்டா கோவிச்சுக்கும். இன்னொண்ணு பெருசு, எல்லா வித்தையும் தெரியும். மங்கல் முகத்தைக்கூடத் துடைச்சு எடுத்துக் கொடுக்கும். எது வேணும்?"

ரெண்டுலயும் பண்ணிக் காட்டச் சொன்னேன். சின்னதுல அண்ணன் புகைக்குள்ள நிக்கிற மாதிரி இருந்தான். ஆனா அண்ணன்தான். பாதி மூடின இடது கண்ணு, ஒட்டின கன்னம். பெருசுல பளிச்சுனு இருந்தான். ரெண்டு கண்ணும் முழுசாத் திறந்திருந்துச்சு.

"கண்ணு வேற மாதிரி இருக்கே சார்"னேன்.

"மங்கல்னு நினைச்சு அதுவே சரி பண்ணிடுச்சு. மாப்பிள்ளை களை வந்துடுச்சு, விடு தம்பி."

ரெண்டையும் உனக்கு அனுப்பினேன். நீ உடனே போன் பண்ணே. "டேய், ஊரு முழுக்க ஒட்டப் போற. அரைக்கண்ணோட போட்டா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? அதைச் சொல்லிச் சொல்லியே சின்ன வயசுல அவனை அழ வச்சாங்க. நல்லா இருக்கிறதையே போடு"ன்னே. பின்னாடி அம்மா, "என் புள்ள ராசா மாதிரி இருக்கான்"னு சொன்னதும் கேட்டுச்சு. எனக்கும் தெளிவா இருந்தாத்தானே ஆளை அடையாளம் தெரியும்னு பட்டுச்சு. உன்னைக் குத்தம் சொல்லலக்கா. எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்.

பஸ் ஸ்டாப், குடோன் கேட், ஆஸ்பத்திரி, எல்லா இடத்துலயும் ஒட்டினேன். போன் வர வர ஓடினேன். எவனெவனோ நிப்பான், ரெண்டு கண்ணையும் நல்லா முழிச்சுக்கிட்டு. ஒருத்தன், "என்னைத் தேடக்கூட ஆள் இருக்கா? எங்க வீட்டுல சொல்லுப்பா"ன்னு கிண்டல் பண்ணான்.

இன்னைக்குக் காலையில மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்பவும் போல வார்டுக்குள்ள விடல. வாசல்ல நம்ம போஸ்டர். நர்ஸம்மா அதைக் காட்டி, "இவர் இங்க இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே"ன்னாங்க. லிப்ட் வரைக்கும் வந்துட்டேன். என்னமோ தோணுச்சு, திரும்பிப் போயி போன்ல இருந்த அந்த மங்கல் படத்தைக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இவருக்கு ஒரு கண்ணு பாதிதான் திறக்குமா?"

"பொறந்ததுலருந்தே அப்படித்தான்"னேன்.

"உக்காருப்பா"ன்னாங்க. அந்தச் சொல்லுலயே எனக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சு.

ரோட்டுல அடிபட்டுக் கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்காங்க. கையில எந்த அடையாள அட்டையும் இல்ல. அடிபட்டதுலதான் கண்ணு அப்படி ஆச்சுன்னு நினைச்சிருக்காங்க. "நினைவு வந்து வந்து போச்சு. என்னமோ அவர் பாஷையில பேசினார், எங்களுக்குப் புரியல. உங்க போஸ்டரை அவர் கட்டில் பக்கத்துலயே வச்சு ஒத்துப் பார்த்தோம்ப்பா. இவர் இல்லைன்னு நாங்கதான் முடிவு பண்ணோம்"னாங்க.

முந்தாநாள் போயிட்டான்க்கா.

கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கேன்.

இப்போ கீழ்த் தளத்துல ஒரு ரூம் வாசல்ல உக்காந்திருக்கேன். உள்ள போயி முகத்தைப் பார்த்து, அவன்தான்னு நான் வாயால சொல்லணுமாம். சொல்லிடுவேன்.

நீ எனக்கு ஒண்ணு பண்ணு. அடிபட்ட இடத்துலயே உயிர் போயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடு. அவன் கிடந்தான், பேசினான், கேக்க ஆளில்லைங்கிறது நம்மோட இருக்கட்டும். படத்தைப் பத்தி எப்பவுமே பேசாத.

கதவு திறக்கறாங்க. நீ எந்திரிச்சுப் போயி அம்மா பக்கத்துல உக்காரு.