மெக்னீசியம் இல்லாத தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டேன். வீட்டில் 'பிரதீபாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்' என்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தில் மட்டும் பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டுகிறேன். பாக்டீரியாவின் ரைபோசோமில் எஸ்-15 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வில் மூன்று கிளைகள் சேரும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கிளைகள் முதலில் சரியாக மடிய வேண்டும், மடிந்தது கலையாமல் இருக்க மெக்னீசியம் வேண்டும். புடவைக் கொசுவத்துக்குப் பின் குத்துகிற மாதிரி.

நான் ஓரிடத்தில் மாற்றிச் செய்த எஸ்-15, மெக்னீசியம் சேர்க்காமலேயே ஆர்.என்.ஏ.வைப் பிடித்தது. மின்சாரம் செலுத்திப் பார்க்கும் ஜெல்லில், புரதம் ஒட்டிய ஆர்.என்.ஏ.வின் பட்டை பளிச்சென்று மேலே நின்றது. மாற்றாத புரதம் அப்படிப் பிடிக்காது என்பதற்கு, எனக்கு முன்பு அங்கே படித்த மாணவி எடுத்த பழைய ஜெல் இருந்தது. அதை மறுபடி போட்டுப் பார்க்கச் சோம்பல். வழிகாட்டி பரணிதரன் சார் துறை முழுக்கக் கேசரி கொடுத்தார். கட்டுரையை இதழும் ஏற்றுக்கொண்டது.

போன மார்ச்சில் ஒரு சந்தேகம் வந்து ஈ.டி.டி.ஏ. சேர்த்துப் பார்த்தேன். மிச்சமீதி மெக்னீசியம் எங்கே ஒளிந்திருந்தாலும் கவ்விக்கொள்ளும் பொருள் அது. பட்டை காணாமல் போயிற்று. என் புரதத்தில் புதுமை எதுவும் இல்லை, சோதனைக்கு எடுக்கும் தண்ணீரில்தான் எங்கிருந்தோ மெக்னீசியம் வருகிறது. அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. 'ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜெல்லைக் குப்பையில் போட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

வாய்மொழித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எங்கள் ஆய்வகத்துக்குத் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் நின்றுபோனது. அதைப் பார்த்துக்கொள்கிற தர்மராஜ் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திருப்போரூர்ப் பக்கத்துக்காரர், ஒப்பந்த ஊழியர். போர் தண்ணீர் ஓடி ஆவியைக் குளிர்விக்கும் கண்ணாடிக் குழாயில் நீளமாக விரிசல். மேலே எம்-சீல் பசை அப்பியிருந்தது.

"கோச்சிக்காதீங்க மேடம். ரெண்டு பொங்கலுக்கு முன்னாடியே கண்ணாடி கீறல் வுட்டுச்சு. ஸ்டோர்ல கேட்டா ஆவட்டும், ஆவட்டும்னு சொல்லிகினே கீறாங்க. அதான் ஒட்டி ஒட்டி ஓட்டிகினு கீறேன்."

"உள்ளே போர் தண்ணி கசியுதாண்ணே?"

"கசியத்தான் கசியுது. அதான் மருந்து போட்டுக் குடுக்கறனே, இன்னா ஆவப் போவுது?"

மருந்து ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதியைக் கொல்லும், உப்பை என்ன செய்யும்? கடலுக்கு இத்தனை பக்கத்தில் எங்கள் போர் தண்ணீர் வாளிகளில் வெள்ளை வெள்ளையாகப் படியும். வடித்து வைத்திருந்த தண்ணீரில், கடினத்தன்மை பார்க்கும் சாயத்தை இரண்டு சொட்டு விட்டேன். நீலமாக நிற்க வேண்டிய தண்ணீர் சிவந்தது.

சாரிடம் சொல்லாமல் முடியாது. சொன்னேன், தண்ணீரைப் பற்றி மட்டும். மறுநாள் இதழுக்கு ஒரு கடிதம் தயாராக இருந்தது. 'ஊழியரின் கவனக்குறைவால் தண்ணீர் மாசுபட்டிருந்தது. இது ஆய்வாளருக்கு முன்பு தெரியாது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்.' ஒரு நகல் ஒப்பந்தக்காரருக்கு. அதாவது தர்மராஜ் அண்ணனுக்கு வேலை போகும். எனக்குத் தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அண்ணனையும் சார் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "என் தப்புதான் சார். பொண்ணு காலேஜு படிச்சிகினு கீது. வேலைய மட்டும் எடுத்துடாதீங்க" என்று கதவோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார். என் பக்கம் திரும்பி, "உங்க படிப்பையும் கெடுத்துட்டேன் மேடம்" என்று வேறு சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கதவு மூடியதும் மார்ச் மாத ஜெல்லைப் பற்றி எல்லாவற்றையும் சாரிடம் கொட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா. ஜெல் படம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லயே பதிவாகும். அப்பவே பார்த்தேன். நீயா வந்து சொல்லுவேன்னு காத்திருந்தேன். அப்புறம், சொல்லாம இருந்தாலே நல்லதுன்னு தோணிடுச்சு. கையெழுத்துப் போடு."

கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்த வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கத்துவது? பேனாவை எடுத்து ஊழியரைப் பற்றிய வரியை அடித்தேன். ஆய்வாளருக்குத் தெரியாது என்ற வரியையும் அடித்தேன். 'குழாய் உடைந்ததை ஊழியர் அப்போதே தெரிவித்தார். தண்ணீரில் மெக்னீசியம் இருப்பது மார்ச் மாதமே எனக்குத் தெரியும்' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டம் போயிற்று.

சாருக்கும் தெரியும் என்று எழுதத்தான் தைரியம் வரவில்லை.

அவர் தாளை வாங்கி என் வரியை இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாக, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.