மூன்றாவது செட்

மகள் முதல் செட்டை எடுத்தபோது கைதட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவளுடைய அப்பாதான். பக்கத்தில் மைத்துனன் விசிலடித்தான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரோ மகளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பந்தை மேலே தூக்கிப்போடும் கையை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. படத்தில் முறிவு பளிச்சென்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த அடக்கத்துக்கெல்லாம் சேர்த்து வைத்து டென்னிஸில் வாய் நீளும். மட்டையைப் பிடித்துப் பழக்கமில்லாத மனிதர், டிவியில் மேட்ச் ஓடினால் பாதியிலேயே "இவன் அவுட்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அந்த 'அவுட்டு'தான் கோப்பையைத் தூக்கும். "ஜோசியரே, நான் யாருக்கு வேண்டிக்கிறேனோ அவங்களைப் பத்தி மட்டும் நல்ல வார்த்தை சொல்லிடாதீங்க" என்பாள் மருந்து கவுண்டரில் இருக்கும் பெண். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு எக்ஸ்ரே அறை இருட்டில் போய் நிற்கும்போது, ஒரே ஒரு தடவையாவது பலிக்காதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அன்று காலை கிளம்பும் அவசரத்தில் மைத்துனன் கேட்டான்.

"என்ன மச்சான், இன்னைக்கு ஃபைனல்ல நம்ம புள்ள எப்படி?"

"மொத செட் எடுப்பா. மூணாவதுல உடைஞ்சிடுவா."

"வாயக் கழுவுங்க மச்சான்!"

"பயம் வந்தா பந்தக் குட்டையாத் தூக்கிப்போடுவா. சர்வீஸ் நெட்லதான் விழும். பாத்துக்கிட்டே இரு."

திரும்பினால், ஒற்றைக் காலில் ஷூவோடு மகள் வாசற்படியில் நிற்கிறாள்.

அவள் உட்கார்ந்து மற்ற ஷூவை மாட்டினாள். கயிறு இரண்டு தரம் நழுவியது. 'சும்மா சொன்னேம்மா' என்ற வார்த்தை அவர் தொண்டை வரை வந்தது. ஆனால் வாபஸ் வாங்கிவிட்டால், நாளைக்குப் பலித்தது என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அந்த நினைப்பு முடிவதற்குள் மகள் காரில் ஏறிவிட்டாள்.

இரண்டாவது செட் கை நழுவிப் போயிற்று. மூன்றாவதில் எதிராளிப் பெண் மேட்ச் பாயின்ட் வரை வந்து நின்றாள், இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் ஜெயம். சர்வீஸ் மகளுடையது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தவள், நிமிர்ந்து கூட்டத்தில் அப்பாவைத் தேடிப் பார்த்தாள். தூக்கிப்போட்டாள். குட்டை. நெட். மறுபடியும் அவரைப் பார்த்தாள். மறுபடியும் குட்டை.

இரண்டாவது பந்தும் வலையில் மோதிச் செத்து விழுந்தது, ஆட்டம் முடிந்தது. கூட்டம் 'ப்ச்' கொட்டியது.

"சொன்னேனா இல்லையா!"

குரல் தன்னுடையது என்பது அவருக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. எழுந்து நின்றிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. மகளின் கண் இன்னும் அவர் மேல்தான் இருந்தது.

"உக்காருங்க மச்சான்" என்றான் மைத்துனன், பல்லைக் கடித்துக்கொண்டு. மனைவி அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கருநாக்கு."

குழாயடியில் மகள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் துண்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"குட்டையாத் தூக்கிப்போடறேன்னு எப்பத்துலேருந்துப்பா தெரியும்?"

"போன வருஷத்துலேருந்தே..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் கிடைத்திருக்கும். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவள் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரிசு கொடுத்து முடிந்ததும் போட்டோக்காரர் குடும்பத்தைக் கூப்பிட்டார். மகள் நடுவில் இரண்டாம் பரிசுச் சின்னக் கோப்பையோடு நின்றாள், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மாமா. கூட்டத்தின் ஓரத்தில் துண்டோடு தயங்கி நின்றவரைப் பார்த்துப் போட்டோக்காரர் கையசைத்தார்.

"சார், நீங்களும் வாங்க. அப்பாதானே?"

"இல்லங்க" என்றாள் மகள், குரலில் ஒரு பிசிறும் இல்லாமல். "அவரு மேட்ச் பாக்க வந்தவரு."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். போட்டோக்காரர் தலையாட்டிவிட்டுக் கேமராவில் கண்ணை வைத்தார். உடனே கண்ணை விலக்கினார்.

"சார், உங்க நிழல் விழுது. கொஞ்சம் தள்ளிக்குங்க."

அவர் நகர்ந்தார். வெயில் சாய்ந்திருந்ததால் நிழல் நீளமாக இருந்தது. மகளின் ஷூவிலிருந்து அது விலகவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"இன்னும், சார். இன்னும் கொஞ்சம்."