யார் பக்கத்துக் களை

களை அதிகாரி பிரையனி வண்டியை விட்டு இறங்கியபோது, அப்பாவும் பக்கத்து வீட்டு டல்சி ஆன்ட்டியும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஏற்கெனவே சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். வேலி என்றால் கண்ணுக்குத் தெரிகிற வேலி இல்லை. அது பிளாக்பெர்ரிப் புதருக்குள் எங்கேயோ இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே புதர் அதை விழுங்கிவிட்டது. கம்பங்கள் நிற்கின்றனவா மக்கிவிட்டனவா, கம்பி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஹுவான் ஆற்றங்கரையில் பிளாக்பெர்ரி சட்டப்படி களை. யார் நிலத்தில் முளைக்கிறதோ அவர்தான் மருந்தடித்து அழிக்க வேண்டும். அதனால் எங்கள் ஊரில் வேலிமேல் சாய்ந்த ஆப்பிள் மரத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருப்பார்கள், வேலிமேல் படர்ந்த பிளாக்பெர்ரிக்கு ஒருவரும் இருக்கமாட்டார்.

"வேரு உன் பக்கம் மெர்வ். தலைய மட்டும் என் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது, உன்னை மாதிரியே" என்றார் டல்சி ஆன்ட்டி.

"உன் ஆடு தின்னுட்டு வந்து போட்ட வெதைதான இது? ஆடு யாருது, சொல்லு!" என்றார் அப்பா.

"செத்துப்போன ஆட்டு மேல பழி போடுறியே, வெக்கமா இல்ல?"

பிரையனி அட்டையில் செருகிய தாளைப் பேனாவால் தட்டினாள். "யாராவது ஒருத்தர் பேரை எழுதணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா திங்கக்கிழமை மருந்தடிச்சாகணும்."

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதிலிருந்து கோடைக் காலையில் என் முதல் சாப்பாடு அந்தப் புதரில்தான். அங்கே யாரும் என்னிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதில்லை. திங்கட்கிழமை அப்பா முதுகில் மருந்துத் தொட்டியை மாட்டிக்கொண்டு போனால், அடுத்த நாள் இலையெல்லாம் சாயத்தில் ரோஜா நிறமாக இருக்கும். இங்கே கை வைக்காதே என்பதற்காக மருந்தில் கலக்கிற சாயம் அது. அதற்கு அடுத்த வாரம் எல்லாம் பழுப்பு.

எல்லாப் புதரும் ஒன்றுதான் என்று அப்பா நினைக்கிறார். அவர் ஓடையோரம் வண்டி நிறுத்துகிற இடத்தில் பறிப்பார். கட்டைவிரல் பருமன் இருக்கும். வாயில் போட்டால் மழைத்தண்ணீரில் துளி சர்க்கரை கரைத்த மாதிரி. சாலையோரத்துப் புதரில் பழம் குறைவு, விதை அதிகம், புளிப்பு காதுவரை ஏறும். வேலிப் புதரின் பழம் சின்னது, நெருக்கமாக முத்துக் கோத்தது போல இருக்கும், கருப்பிலும் கருப்பு. முதலில் புளித்து, பிறகு இனித்து, கடைசியில் கிராம்பு மாதிரி ஒன்று நாக்கில் தங்கும். அதன் கறை சோப்புக்கும் போகாது. வெள்ளைக்கண்ணிக் குருவிகள் ஓடையோரத்தைத் தாண்டி நேராக அங்கேதான் பறந்து போகும். ஆனால் அப்பாவும் சரி, டல்சி ஆன்ட்டியும் சரி, அதில் ஒரு பழம்கூடத் தின்றதில்லை. பறிப்பதைப் பக்கத்து வீடு பார்த்துவிட்டால் புதர் தன்னுடையது என்று ஆகிவிடுமே!

காலையில் மூன்று இடத்திலும் பறித்த பழம் தனித்தனி ஐஸ்கிரீம் டப்பாக்களில் இருந்தது. மூன்று கிண்ணங்களில் கொட்டினேன். தேநீர்க் கூஜாவையும் அவற்றையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டக்கூட மறந்து வெளியே போனேன். அப்பாவின் வண்டி முன்மூடியில் தட்டை வைத்தேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கிண்ணங்களை அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.

"தேநீரா? நல்லதாப் போச்சு, தொண்டை காஞ்சு கெடக்கு" என்று டல்சி ஆன்ட்டி புதரைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

"கத்துனா காயாம என்ன செய்யும்?" என்றார் அப்பா.

மூன்று பேரும் நின்றபடியே தின்றார்கள். முதல் கிண்ணத்து ஓடையோரப் பழத்தில் ஆளுக்கு இரண்டு. சாலையோரத்துப் பழம் வாயில் போனதும் பிரையனி ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது கிண்ணத்துக்கு வந்ததும் ஆளுக்கு இரண்டு என்ற கணக்குப் போய்விட்டது. அப்பாவின் கை உள்ளே போனது, வந்தது, மறுபடியும் போனது. டல்சி ஆன்ட்டி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். அப்பா திரும்ப இழுத்தார்.

"என்ன நிறம் பாரு" என்று பிரையனி தன் விரல்களைப் பார்த்தாள். "கருப்பு ஏற ஏற உடம்புக்கும் நல்லதும்பாங்க. எங்க பறிச்ச, கண்ணு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காது சுட்டது.

"வேலியில" என்றேன். குரல் வெளியே வந்த மாதிரி தெரியவில்லை. "இந்தப் புதர்ல. இது மத்ததெல்லாம் மாதிரி இல்ல. இதுக்கு மட்டும் மருந்தடிக்காதீங்க."

அப்பா புதரைப் பார்த்தார். வாயோரம் ஊதா வழிந்திருந்தது. தொண்டையைச் செருமினார். "வேரு எங்க பக்கம்தான்னு டல்சியே சொன்னா. நீயும் கேட்டேல்ல, பிரையனி?"

"அடப்பாவி! என் ஆட்டு வெதைன்னு சொன்னது யாரு? அது என் ஆடு, என் வெதை!"

"செத்துப்போன ஆட்டுக்குப் புதர்ல பங்கா?"

"செத்தாலும் அது என் ஆடுதான். வாரிசு நான்தான்!"

பிரையனி பேனா மூடியைக் கழற்றினாள். "ரொம்ப நல்லது. அப்ப யாரு பேரை எழுதட்டும்?"

அப்பா தேநீரைப் பார்த்தார். டல்சி ஆன்ட்டி வானத்தைப் பார்த்து, "மழை வரும் போலயே" என்றார். ஒரு மேகமும் இல்லை.

பிரையனியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பற்களெல்லாம் ஊதாவாக இருந்தன. "ஆளுங்க பறிச்சுத் தின்னுக்கிட்டிருக்கிற புதர்ல மருந்தடிக்கச் சொல்ல மாட்டேன். பழம் முடியட்டும், மறுபடி வரேன். அப்பவும் ஒரு பேரு வேணும்." பெயர் எழுதாத தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது மூன்றாவது கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் கைக்குட்டையில் கொட்டி எடுத்துப் போனாள்.

வண்டி மறைவதற்குள் அப்பா எங்கள் பக்கம் பறிக்க ஆரம்பித்துவிட்டார். டல்சி ஆன்ட்டி ஓடிப்போய் அந்தப் பக்கம் ஒரு வாளியோடு வந்தார். முள்ளுக்கு நடுவே இரண்டு பேரின் தொப்பியும் மாறி மாறித் தெரிந்தது. "கைய எடு, அது என் பக்கத்துக் கொத்து!" "கொத்துல பேரு எழுதியிருக்கா?" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

நான் குனிந்து புதருக்கு அடியில் பார்த்தேன். உச்சியிலிருந்து வளைந்து இறங்கிய ஒரு இளங்கொடி, மக்கிய வேலிக் கம்பம் ஒன்றுக்கு நேர் மேலே வந்து நின்றிருந்தது. கொடியின் நுனி மண்ணைத் தொட்டால் அங்கே வேர் விடும், அடுத்த கோடையில் அங்கே ஒரு புதுப்புதர் எழும். இன்னும் தொடவில்லை. மண்ணுக்கு ஒரு விரல் உயரத்தில், மேலே இரண்டு பேரும் இழுக்கிற இழுப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.