டி-டா-டா என்றால் W

வீட்டிலிருந்தே வானொலியில் பேச லைசென்ஸ் தரும் பரீட்சையில் நெவேனா இதுவரை இரண்டு முறை தோற்றிருந்தாள், இரண்டு முறையும் ஒரே காரணத்தால். மின்சுற்று, அன்டெனா, சட்டதிட்டம் என்று எதைக் கேட்டாலும் அவளுக்கு அத்துப்படி. மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுதும் பரீட்சையில்தான் சறுக்கினாள். இதில் வேடிக்கை என்னவென்றால், பொமோரியே ஊரில் அவளளவுக்கு மோர்ஸ் தெரிந்த ஆளே கிடையாது. பதினான்கு வருஷம் ரயில்வே தந்தி அறையில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில்கூடப் பிழையில்லாமல் தந்தி வாங்கியவள்.

அந்தப் பதினான்கு வருஷம்தான் வினையாக வந்து வாய்த்தது. ரயில்வே தந்தி பல்கேரிய எழுத்தில் வரும். அமெச்சூர் வானொலியின் முதல் வகுப்புப் பரீட்சையோ இலத்தீன் எழுத்தில். ஒலி ஒன்றுதான், எழுத்துதான் வேறு. டி-டா-டா என்று ஒரு குறிலும் இரண்டு நெடிலும் கேட்டால் உலகம் W என்று எழுதும்; நெவேனாவின் கை பல்கேரிய 'வ'வை எழுதும், அது பார்வைக்கு அச்சு அசல் B. R என்று எழுத வேண்டிய இடத்தில் P மாதிரி ஒன்று வரும். N இருக்க வேண்டிய இடத்தில் H மாதிரி ஒன்று. பாதியில் திடுக்கிட்டு இலத்தீனுக்குத் தாவுவாள், பிறகு மறுபடி வழுக்குவாள். கடைசியில் எது எந்த எழுத்து என்று எழுதினவளுக்கே தெரியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தந்தி அறைப் பழக்கமும் அப்படித்தான்.

மூன்றாவது பரீட்சை இந்த வெள்ளிக்கிழமை. இதையும் விட்டால் அடுத்தது இலையுதிர் காலத்தில். அதுவரை காத்திருக்க அவளால் முடியாது, ஏனென்றால் அவள் புருஷன் ஒக்னியான் திங்கட்கிழமை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறான்.

ஒக்னியான் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் மெக்கானிக். ஒன்பது மாதம் முடிந்து, திங்கட்கிழமை கப்பல் லாஸ் பால்மாஸ் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கே இறங்கினால் விமானம் ஏறி வீடு. ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒன்பது மாதம் கடல். கப்பலுக்குத் தந்தி அடிக்கலாம்தான். ஆனால் அதைக் கேப்டன் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், ஆள் பற்றாமல் தவிக்கிற கேப்டன். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். ஒக்னியானிடம் கப்பலிலேயே சொந்தமாக, கேட்கவும் பேசவும் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு மோர்ஸில் ஊரைக் கூப்பிடுவான். பதில் சொல்வது அவன் சிநேகிதன் கான்ச்சோ, ஊரிலேயே முதல் வகுப்பு லைசென்ஸ் உள்ள ஒரே ஆள். நெவேனா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள், கான்ச்சோ தட்டுவான்.

போன ஞாயிறு அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னாள். "அண்ணே, இப்படித் தட்டுங்க. எனக்கு இந்த வீட்டுல தனியா இருக்கப் பயமா இருக்கு. போதும், வந்துடுன்னு."

கான்ச்சோவின் காது சிவந்துவிட்டது. அவன் தட்டியது இவ்வளவுதான்: மனைவி நலம். உன்னைத் தேடுகிறாள்.

ஒவ்வோர் எழுத்தும் அவள் காதில் விழுந்தது. கடலுக்கு அப்பாலிருந்து பதிலும் வந்தது: கான்ச்சோ, உனக்கு எப்போதிருந்து கவிதை? ஒப்பந்தத்தை நீட்டட்டுமா, அவளிடம் கேட்டுச் சொல்.

"வேண்டாம்னு சொல்லுங்க அண்ணே."

கான்ச்சோ தட்டினான்: முடிவு உன் கையில்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"கோவிச்சுக்காதே தங்கச்சி. ஒருத்தன் பொழைப்பை வேண்டாம்னு சொல்ல நான் யாரு? நாளைக்கு அவன் கரையில சும்மா உக்காந்தா என்னைத்தானே திட்டுவான்."

"அப்ப விலகுங்க, நானே தட்டுறேன்."

"உன்கிட்ட இருக்கிறது ரெண்டாம் வகுப்பு லைசென்ஸ், அதுக்கு இந்த அலைவரிசை கிடையாது. ஒரு புகார் போனா என் லைசென்ஸ் போச்சு. நீ பாஸ் பண்ணிட்டு வா, நாற்காலியை விட்டு நானே எந்திரிக்கிறேன்."

கான்ச்சோ கெட்டவன் இல்லை. நல்லவர்கள் கையில் நம் பேச்சைக் கொடுத்தால் அது இப்படித்தான் இளைத்துப் போகும். பிப்ரவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு உடைந்து, காலையிலிருந்து மத்தியானம் வரை அவள் தரையில் கிடந்தாள். கத்தினாள், கேட்க ஆளில்லை. அதை இன்றுவரை ஒக்னியானிடம் சொல்லவில்லை. கான்ச்சோ அதை 'சிறு காயம், குணம்' என்று ஆக்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

வாரம் முழுக்க வீடே பள்ளிக்கூடமாயிற்று. குளிர்பெட்டியில் 'டி-டா-டா என்றால் W' என்று ஒட்டினாள். கண்ணாடியில் 'H இல்லை, N'. இப்போது அவள் வேலை பார்க்கும் டிக்கெட் கவுன்ட்டரில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஸ்தான்கா சிரித்தாள்.

"அக்கா, பர்காஸுக்கு ரெண்டு டிக்கெட் கேட்டா, நீ டிக்கெட்டுக்குப் பின்னால W எழுதித் தர்ற. ஆளு பயந்து போறான்."

"சிரி, சிரி. எனக்கு இது மூணாவது தடவை."

"பாஸாகலேன்னா என்ன, உலகம் முடிஞ்சா போயிடும்?"

"ஒம்போது மாசம் முடியாது. அதான் பிரச்சினை."

வெள்ளிக்கிழமை பர்காஸ் பஸ்ஸில் ஸ்தான்கா கட்டிக்கொடுத்த பானிட்சா பலகாரத்தை மடியில் வைத்திருந்தாள். சீஸ் வாசனை பஸ் முழுக்க அடித்தது, அவள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வழியில் கடைப் பலகைகளை எல்லாம் மனசுக்குள் ஒலியாக்கி, ஒலியை இலத்தீனாக்கி வந்தாள். பேக்கரி வரை சரியாக வந்தது. மருந்துக்கடையில் குழம்பினாள். குழம்பியதும் இந்த ஜென்மத்தில் தேற மாட்டோம் என்று தோன்றிவிட்டது.

அறையில் ஏழு பேர். ஆறு பேரும் மீசை அரும்பிய மாணவர்கள், இவள் ஒருத்திதான் நாற்பத்து மூன்று வயதுக்காரி. தேர்வாளர் பொறியாளர் கராபாஷெவ், தூக்கக் கலக்கமான மனிதர், விதிகளை மந்திரம் ஓதுவதுபோல ஒப்பித்தார். ஐந்தைந்து எழுத்தாக இருபது கூட்டம். ஐந்து பிழை வரை மன்னிப்பு. ஒலி நின்றதும் தாளைத் தெளிவாக எழுதித் தர மூன்று நிமிடம். விடைத்தாள் இலத்தீனில் இருக்க வேண்டும். அவர் ஒலிநாடாவை ஓடவிட்டார்.

முதல் மூன்று கூட்டமும் இலத்தீனில்தான் வந்தன என்று நினைத்தாள். நான்காவதை எழுதிவிட்டுக் கண்ணை ஓட்டினால், தாளில் பல்கேரிய Ж கால் பரப்பிக்கொண்டு நின்றது. V எழுத வேண்டிய இடம். அதற்கு முன்னால் B, அதற்கும் முன்னால் P. எல்லாமே பல்கேரியம்தான், முதல் எழுத்திலிருந்தே. இப்போதே மாறு என்று மனசு கத்தியது. போன முறையும் அதற்கு முந்திய முறையும் இப்படித்தான் கத்தியது, அவள் மாறினாள், இரண்டுங்கெட்டானாகி வெளியே வந்தாள்.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு. நெவேனா மாறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய தந்தி அறைக் கையை அதன் போக்கில் விட்டாள். கை ஓடியது. ஐந்து, பத்து, பதினைந்து, ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. பக்கத்துப் பையன் பென்சிலைக் கடித்து முழித்தான். இருபதாவது கூட்டம் முடிந்து ஒலி நின்றபோது அவள் தாளில் நூறு எழுத்து இருந்தது. நூறும் சரி, நூறும் தேர்வுக்கு உதவாதவை.

"மூணு நிமிஷம்," என்றார் கராபாஷெவ்.

மற்றவர்கள் கோணல் எழுத்துகளை நேராக்கினார்கள். நெவேனா புதுத் தாளை எடுத்து மொழிபெயர்க்கத் தொடங்கினாள். B-யைப் பார்த்தால் W. P-யைப் பார்த்தால் R. C-யைப் பார்த்தால் S. எது கண்ணில் படுகிறதோ அதை நம்பாதே, வாய்க்குள் தட்டிப் பார், பிறகு எழுது. ஒரு நிமிடத்தில் ஏழு கூட்டம்தான் ஆகியிருந்தது. உடைந்து ஒட்டிய மணிக்கட்டு வலித்தது. இரண்டு நிமிடத்தில் பதினான்கு. ஒரு H-ஐ அப்படியே H என்று எழுதிவிட்டு, அடித்துத் திருத்த நேரமில்லாமல் தாண்டினாள். கராபாஷெவ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முதல் வரிசைத் தாள்களை வாங்கினார். இவள் பத்தொன்பதில் இருந்தாள். அவர் நிழல் மேசையில் விழுந்தபோது கடைசி எழுத்துக்கு வந்தாள். பல்கேரிய 'உ', பார்வைக்கு Y. அவள் U என்று எழுதி, பென்சிலைக் கீழே வைத்தாள்.

வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றாள். கதவு திறந்ததும் கராபாஷெவ் தாள்களைப் பார்த்தபடியே பெயர்களைப் படித்தார்.

"நெவேனா. மூணு பிழை. உள்ளே வாங்க, முத்திரை போடணும்." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா அழறீங்க? மூணு தானே."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கான்ச்சோ சொன்ன சொல் தவறாமல் நாற்காலியை விட்டு எழுந்தான். லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கதவருகே போய் நின்றுகொண்டான். மரியாதைக்கு முதுகைக் காட்டினான், ஆனால் காதைப் பொத்தவில்லை. பொத்தியும் பயனில்லை. இந்த அலைவரிசையில் பேசினால் பாதிக் கருங்கடலே கேட்கும்.

ஒக்னியான் கூப்பிட்டான். நெவேனா தன் அழைப்புக் குறியைத் தட்டினாள். பிறகு மூச்சு விடாமல் தட்டினாள்: நெவேனா பேசுகிறேன். பிப்ரவரியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அரை நாள் தரையில் கிடந்தேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு வா.

இரைச்சல். பிறகு: மறுபடி சொல்.

தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆதியிலிருந்து தட்டினாள், இந்த முறை நிதானமாக.

மறுபடி சொல்.

"என்ன அண்ணே, என் சத்தம் போகலையா?" அவள் கான்ச்சோ பக்கம் திரும்பினாள். "திங்கக்கிழமைன்னா நாளைக்கு."

கான்ச்சோ வந்து பெட்டியின் மீட்டர் முள்ளைப் பார்த்தான், கேட்புக்கருவியின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்தான். "கண்ணாடி மாதிரி இருக்கு தங்கச்சி. நான் பேசுறப்போகூட இவ்வளவு தெளிவா இருந்ததில்லை. அவனுக்கு என்ன கேடு?"

மூன்றாவது முறையும் தட்டினாள். கை மரத்துவிட்டது. இரைச்சல் நீண்டது, இந்த முறை வெகு நேரம். பிறகு ஒக்னியானின் எழுத்துகள் ஒவ்வொன்றாக, தட்டத் தெரியாதவன் தட்டுவதுபோல, தடுக்கித் தடுக்கி வந்தன.

முதல் தடவையே கேட்டது. கையெழுத்துப் போடமாட்டேன். மறுபடி சொல்.

கான்ச்சோ கேட்புக்கருவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். நெவேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள்.