மூன்றாம் மாடி வீட்டின் ஆங்கிலம்

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்ட பிறகும், தங்கை அந்தத் தோட்டத்து வீட்டைத்தான் நம்பியிருந்தாள். வீடு இருந்தது, பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்யக் கொடுத்த நோட்டில். பெரிய வீடு, சுற்றிலும் பூச்செடிகள், நடுவே ஓர் ஊஞ்சல். அந்த வகுப்பில் அவளோடு படித்த முப்பது நர்சுகளும் சிறு வயதில் அதே வீட்டில்தான் வளர்ந்தார்கள்! போன முறை தேர்வாளர், "ஊஞ்சலை எந்த மரத்தில் கட்டியிருந்தார்கள்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். நோட்டில் மரம் இல்லை. திருதிருவென்று விழித்துவிட்டு எழுந்து வந்தாள்.

இந்த முறை விளையாட்டில்லை. வெளிநாட்டில் அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனையே இவளுக்கும் வேலைக் கடிதம் அனுப்பியிருந்தது. மாதக் கடைசிக்குள் தேர்வு மதிப்பெண் போய்ச் சேராவிட்டால் அந்தக் கடிதம் வெறும் காகிதம். அக்காவைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதலில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு கைக்குழந்தை. பிறகு ஒரு காரணமும் இல்லாமலே, பார்க்காமலிருப்பது பழகிப்போனது. தங்கைக்குப் பழகவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தினமும் ஷிப்ட் முடிந்ததும், உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் போடுவாள். அரை மணி நேரம் ஆங்கிலம் மட்டும்தான் என்பது ஒப்பந்தம். முதல் நாளே அதை மீறியது அக்காதான்.

"நிறுத்து, நிறுத்து. நமக்கு எங்கடி தோட்டம் இருந்துச்சு? மூணாவது மாடியில ஒத்த ரூம்ல கிடந்தவளுக்கு ஊஞ்சல் ஒண்ணுதான் குறைச்சலா?"

"நோட்டுல அப்படித்தான்க்கா போட்டிருக்கு."

"நோட்டைத் தூக்கி மூலையில போடு. நம்ம வீட்டுக்குள்ள போ. கண்ணுல படுறதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேர் சொல்லு. தெரியலன்னா நான் சொல்றேன்."

அப்படித்தான் இருவரும் அந்த வீட்டுக்குள் மறுபடி போனார்கள். தூக்கித் தள்ளினால் மட்டுமே விழும் தாழ்ப்பாள். தண்ணீர் டிரம். அதன் மூடிமேல் காயும் பள்ளிக்கூட சாக்ஸ். அப்பாவின் சட்டை மாட்டும் ஆணி. அம்மாவின் தையல் மெஷின், அது ஓடும்போது ஆடும் மேஜை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் கிடைத்தது, கூடவே ஒரு சண்டையும். துணிக்கொடி அடுப்புக்கு மேலே இருந்ததா, ஜன்னலுக்குப் பக்கத்திலா என்று ஒரு மாலை முழுக்க வீணாய்ப் போனது. ஆங்கிலத்தில் சண்டை போட்டால் எவ்வளவு மரியாதையாகிவிடுகிறது மனுஷிக்கு! "மன்னிக்கவும், என் கருத்து வேறு" என்றாள் அக்கா. தங்கை சிரித்த சிரிப்பில் பெஞ்ச் ஆடியது.

ஜன்னல் கம்பிக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. அக்கா அதில் தலையை விட்டு மாட்டிக்கொண்டதும், அப்பா சோப்பைக் குழைத்துப் பூசி இழுத்ததும், கீழே தெருவே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னதும் நினைவுக்கு வந்தன. நுரைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடக்கூட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

பத்தாவது நாள் கட்டில் வந்தது. வீட்டில் இருந்தது ஒரே கட்டில், அதில் படுப்பது அக்காவின் உரிமை. தமிழில் என்றால் தங்கை சுற்றி வளைத்து எதையாவது பேசிச் சமாளித்திருப்பாள். ஆங்கிலத்தில் அவளிடம் அவ்வளவு சொற்கள் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னாள்: "என் அக்கா போன அன்று கட்டில் எனக்குக் கிடைத்தது. எனக்கு அது வேண்டாம். நான் தரையில் படுத்தேன்."

 அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேர்வுல பேச வேண்டிய ரெண்டு நிமிஷம் ஆச்சு," என்றாள். "நல்லாத்தான் பேசுற."

தேர்வு அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், ஒரு பதிவுக் கருவி. எதிரே நரைத்த தலையுடன் ஓர் அம்மாள். உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னது அவர் நீட்டிய அட்டை. நோட்டில் முப்பது பேருக்கும் உதவிய பேராசிரியர் மாமா உடனே நாக்கு நுனியில் வந்து நின்றார். போங்கள் மாமா என்று அவரை அனுப்பிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் தான் அழுததையும், அக்கா தன் வகுப்பை விட்டுவிட்டு வந்து இவளுடைய வகுப்பு வாசலில் நாள் முழுக்க நின்றதையும், அதற்காக அடி வாங்கியதையும் சொன்னாள். இரண்டு இடத்தில் தப்பாகப் பேசினாள். தப்பென்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

"அக்காவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால்."

"அடுத்து எப்போது பார்ப்பீர்கள்?"

எந்த நோட்டிலும் இல்லாத கேள்வி. இவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மேடம்."

தேர்வாளர்கள் சிரிக்கவும் கூடாது, உச்சுக் கொட்டவும் கூடாது. அந்த அம்மாள் குனிந்து மதிப்பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகுதான் தான் சொன்னது இவளுக்கு உறைத்தது. வாய்க்கொழுப்பால் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோமோ என்று பதினொரு நாள் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. வேண்டியதற்கு மேல் அரை மதிப்பெண். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றபடியே அக்காவுக்கு போன் போட்டாள். அக்கா "ஹலோ" என்றாள். இவளுக்கு எந்த மொழியிலும் ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா மறுபடி "ஹலோ" என்றாள். இவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் அங்கே கேட்டுக்கொண்டிருந்தது.

தோற்ற இரண்டு முறையும் இவள் அழுததில்லை. "என்னிக்கு ஃப்ளைட்டுடி?" என்று கேட்டாள் அக்கா.