ரெட்டைச் சைக்கிளின் முன்சீட்டு

தியாகராய நகரில் ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பகுதியில் நின்றுகொண்டு, "இதைவிட உசத்தியா ஒண்ணு காட்டட்டுமாம்மா?" என்று நாளெல்லாம் அடுத்தவர் தலையில் விலைகூடின புடவையைக் கட்டுகிற கருணாகரன், தன் வீட்டுக்கென்று எதையாவது வாங்கப் போனால் மட்டும் உசத்திச் சரக்கின் பக்கமே திரும்ப மாட்டார். மட்டமானதை வாங்க வேண்டியது, அப்புறம் அதை மெள்ள மெள்ள உசத்தியாக்க வேண்டியது. அதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையால் வீட்டில் இருந்த மேஜைக்கு நான்கு கால்களும் நான்கு நிறத்தில் இருந்தன.

அவர் ரெட்டைச் சைக்கிள் வாங்கியதற்குக் காரணம் ஒரு போலீஸ்காரர். மனைவி தங்கபுஷ்பத்தைக் கேரியரில் வைத்துக்கொண்டு லஸ் முனையில் திரும்பியபோது அந்த மனிதர் விசிலை ஊதி நிறுத்தி, டபுள்ஸ் போனதற்காக இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். மறுநாளே கருணாகரன் மந்தைவெளியில் கரீமுல்லாவின் சைக்கிள் கடையில் போய் நின்றார்.

"டபுள்ஸ்னு புடிக்கிறானா? டபுள்ஸுக்குன்னே பொறந்த வண்டி கீது சார், பாரு" என்று கரீமுல்லா சாக்கை விலக்கிக் காட்டினார். யாரும் சீந்தாத இரண்டு லேடீஸ் சைக்கிள்களை வெட்டி ஒட்டுப்போட்ட வண்டி. நீளத்தைப் பார்த்தால் தெருவில் திரும்புமா என்றே சந்தேகம் வரும். "ஆம்பள, பொம்பள யாரும் குந்திக்கலாம். முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். எந்தப் போலீஸும் கேக்க முடியாது."

கேட்கவும் முடியவில்லை. அதே போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தபடியே வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். எந்தக் குற்றத்தில் சேர்ப்பது என்று தெரியாமல், "மெதுவா போங்க" என்று அனுப்பிவிட்டார். கருணாகரன் அன்று கபாலி கோயில் தேரையே தனியாக இழுத்து நிறுத்தியவர் மாதிரி வீடு திரும்பினார்.

அந்தச் சைக்கிளின் அருமை அவருக்கு வேறு விதத்தில்தான் புரிந்தது. அவர்கள் இருந்தது மயிலாப்பூரில் ஓர் ஒட்டுக்குடித்தனம். அங்கே புருஷன் பெண்டாட்டி மனம்விட்டு இரண்டு வார்த்தை பேச வழி கிடையாது. இருமினால்கூடப் பக்கத்துப் போர்ஷன் தேவானை, "கஷாயம் வச்சுத் தரட்டுமா?" என்று சுவருக்கு அப்பால் இருந்து கேட்பாள். வார லீவு நாளில் திருவான்மியூரில் இருக்கும் தங்கபுஷ்பத்தின் அக்கா வீட்டுக்கு இந்தச் சைக்கிளில் போகும்போதுதான் இருவரும் வாய்விட்டுப் பேசினார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் பேசாததையெல்லாம் அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசித் தீர்த்தார்கள். தேவானைக்கு எட்டாத இடம் மெட்ராஸில் அது ஒன்றுதான். வாரம் முழுக்க அவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

ஆகவே ஒரு நாள் தங்கபுஷ்பம், "அடுத்த வாரத்துல இருந்து நான் பஸ்ஸுல வந்துருதேன். நீங்க சைக்கிள்ல வாங்க" என்றபோது அவர் பதறிப்போய் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன், ரொம்ப ஆடுதா?"

"ஆடுறதப் பத்தி இல்லங்க. இதுல எனக்கு ஒண்ணுமே தெரியல."

பாவம், பொம்பளை, சைக்கிளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று கருணாகரன் நினைத்துக்கொண்டார். நடு வாசலிலேயே உட்கார்ந்து, செயின் எப்படி ஓடுகிறது, ஃப்ரீவீல் எதற்கு இருக்கிறது என்று விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தங்கபுஷ்பம் மறுபடியும், "எனக்கு ஒண்ணும் தெரியலன்னுதான சொல்லுதேன்" என்றாள். அவர் மறுபடியும் ஃப்ரீவீலில் இருந்து ஆரம்பித்தார்.

விளக்கம் பலிக்கவில்லை என்றதும் வண்டியை உசத்தியாக்கும் வேலை தொடங்கியது. முதலில் கைப்பிடி மாறியது. பிறகு மெத்தென்ற சீட்டு, டைனமோ விளக்கு, கலகலவென்று சிரிக்கிற மணி. ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டு, "இப்ப எப்படி?" என்று கேட்பார். "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலங்க" என்பாள். உடனே மறுநாள் கரீமுல்லா கடை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு. கரீமுல்லாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

தங்கபுஷ்பம் சொன்னபடியே பஸ்ஸில் போனாள். கருணாகரன் ரெட்டைச் சைக்கிளைத் தனியாக மிதித்துக்கொண்டு பின்னால் போனார். வழி நெடுக அவரை நிம்மதியாக விட்டவர்கள் யாரும் இல்லை.

"யோவ் நைனா! பின்னாடி குந்திக்கினு வந்த ஆளு எங்கியோ வுழுந்துட்டாங்க, பாக்காம போய்க்கினே கீறியே!" என்று ஒரு ரிக்‌ஷாக்காரர் பாலம் வரைக்கும் துரத்திக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் கருணாகரன் தோற்றுப்போனவராகக் கரீமுல்லாவிடம் வந்தார். மாற்ற இனி ஒன்றும் பாக்கி இல்லை என்று தெரிந்ததும் கரீமுல்லாவுக்கும் மனசாட்சி விழித்துக்கொண்டது. "இன்னும் எத்தினிதான் மாத்துவ சார்? ஒட்டு ஒட்டுதான். அடையார்ல குலாம் முகம்மது சாயபு வூட்ல அசல் சீமை ரெட்டை வண்டி ஒண்ணு விலைக்குக் கீது. அத்த வாங்கிப் போடு. அம்மா தானா வந்து குந்துவாங்க."

அசல் சீமை வண்டி! கொள்கையே ஆட்டம் காண்கிற சமாசாரம். இரண்டு நாள் கருணாகரனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பின்சீட்டு காலியாக இருப்பதைவிடக் கொள்கை காலியாவது தேவலை என்று முடிவு செய்தார். அடுத்த லீவு நாளில், "போய்ப் பாத்துட்டு வருவோம், வாரியா?" என்றதும் தங்கபுஷ்பம், பார்க்கத்தானே என்று பழைய வண்டியிலேயே ஏறி வந்தாள். வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

குலாம் முகம்மது தோல் வியாபாரத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். முழங்கால் வலியால் விற்கிறாராம். வண்டியை அவர் துணியால் துடைத்து வெளியே உருட்டி வந்தபோது கருணாகரனுக்கு மூச்சே நின்றது. கரும்பச்சை நிறம். சத்தமே இல்லாத சக்கரம். இருவரும் ஏறிக் காந்தி நகரைச் சுற்றி வந்தார்கள். ஓர் ஆட்டம் இல்லை, ஒரு கிறீச் இல்லை. தண்ணீரில் போகிற மாதிரி போயிற்று.

இறங்கியதும் கருணாகரன் பெருமிதத்தோடு கேட்டார். "இப்ப சொல்லு. தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்படிச் சொல்லு! என்ன தெரியுது?"

"உங்க முதுகு" என்றாள் தங்கபுஷ்பம். "அதுல ஆடிக்கிட்டே தெரிஞ்சிது. இதுல ஆடாமத் தெரியுது."

கருணாகரன் தன் முதுகைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எத்தன தடவ சொல்லுதேன், எனக்கு ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியலன்னு! மயிலாப்பூர்ல ஏறினா திருவான்மியூர் வரைக்கும் உங்க சட்டதான். பாலத்துல ஆறு தெரியல, கோயில் கோபுரம் தெரியல. நீங்க என்னன்னா எனக்கு ஃப்ரீவீல் பாடம் எடுக்கீங்க."

உள்ளே இருந்து குலாம் முகம்மதுவின் மனைவி ஜமீலுன்னிசா, திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "விக்கணும்னு சொன்னது நான்தாம்மா. முழங்கால்னு இவரு சொல்லுறாரு. எனக்கும் இவரு முதுகு போதும்னு ஆயிடுச்சு" என்றார். பெரியவர் துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"வண்டி வேண்டாங்க" என்றாள் தங்கபுஷ்பம். "நம்ம வண்டியே போதும். எனக்கு முன்சீட்டுதான் வேணும்."

"நீ ஓட்டுவியா?"

"எங்கய்யா உடன்குடியில என்ன கடை வச்சிருந்தாவ?"

மாமனார் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தது கருணாகரனுக்கு நன்றாகத் தெரியும். பெண் பார்த்ததே அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில்தான். ஆனால் சைக்கிள்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கும் என்பது அத்தனை வருஷத்தில் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, திருவான்மியூர் அக்காவையும் பார்த்துவிட்டே போகலாம் என்று கிளம்பினார்கள். தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். கருணாகரன் பின்னால் ஏறினார். ஏறியதுமே தெரிந்துபோனது, இத்தனை நாளாகப் புதுசு மாட்டினதெல்லாம் முன்னால்தான் என்பது. பின்சீட்டுக் கம்பி அவருக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் புத்தி சொன்னது. எதிரே பஸ் ஹார்ன் கேட்டபோது அவர் கை தானாக பிரேக்கைத் தேடியது. பின்னால் பிரேக்கே இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பின்னல், அதில் கொஞ்சம் கதம்பம்.

இவளை இப்படித்தானே இத்தனை நாள் ஏற்றிக்கொண்டு போனோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் முன்னால் இருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது. அது போதும் போலவும் இருந்தது. "அந்தப் புளியமரத்துல எத்தன கிளி! கடல் வாடை வருது, உங்களுக்கு வருதா?" என்று அவள் கேட்டுக்கொண்டே மிதித்தாள். உடன்குடியில் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அய்யாவிடம் அடி வாங்கிய கதையெல்லாம் அன்றுதான் வெளியே வந்தது.

மருந்தீஸ்வரர் கோயிலைத் தாண்டி, அக்கா வீட்டுத் தெரு முனைக்கு வந்ததும் வண்டி மெள்ள நின்றது.

"இறங்கி மாத்திக்கிடுவோமாங்க? வாசல்ல அத்தான் நிப்பாவ."

அத்தான் என்றால் சகலை அய்யாதுரை. ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர். இவர்கள் வருகிற நேரம் பார்த்து அதை வாசலில் நிறுத்தித் துடைக்கிற பழக்கம் உள்ளவர். அந்த மனுஷன் முன்னால் பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு போய் இறங்குவதா? கருணாகரன் ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டார். தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைவதற்குத் தயாராக இருந்தது. இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், அடுத்த வாரம் பஸ்ஸில் போவாள்.

"வேண்டாம். நேரா விடு" என்றார் கருணாகரன். "மணிய அடிச்சிக்கிட்டே விடு."

அய்யாதுரை துடைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். "என்ன சகலை, உம்மப் பின்னால போட்டுட்டாளா?"

"போட்டுட்டா" என்றார் கருணாகரன். "என்னவிட நல்லா ஓட்டுதா."

சொன்ன பிறகுதான், சொல்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. சத்தம் கேட்டு அக்கா முத்துலட்சுமி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். சைக்கிளை நீளத்துக்கும் பார்த்தாள். ஸ்கூட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் இறங்குங்க" என்றாள்.

கருணாகரன் இறங்கினார். முத்துலட்சுமி கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். "கடக்கர வரைக்கும் விடுளா. திரும்பி வாரப்ப நான் முன்னால" என்றாள். உடன்குடி வாடகைச் சைக்கிள் கடைக்காரரின் இரண்டு மகள்களும் மணலைச் சிதறடித்துக்கொண்டு தெருக்கோடியில் திரும்பினார்கள். திரும்பிய பிறகும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு சகலைகளும் வாசலில் நின்றார்கள். கருணாகரனுக்கு நெஞ்சுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"எப்ப வருவாளுவ?" என்றார் அய்யாதுரை.

"இப்பதான போயிருக்காளுவ. சோறு ஆயிட்டா?"

"உலை வச்சிருந்தா. அரிசி போட்டாளா என்னன்னு தெரியலையே."

"வாரும். நாம போடுவோம்" என்று கருணாகரன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.